ராடார் டிடெக்டரும் ஸ்கேனரும் ஸ்பீடிங் டிக்கெட்டிலிருந்து காப்பாற்றுமா? அமெரிக்கா, கனடாவில் கார் ஓட்டுவோர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் நம்மவர்கள் கூடும் இடத்தில் யாருக்காவது ஸ்பீடிங் டிக்கெட் வந்த பேச்சு எழுந்தால், "பேசாமல் ஒரு ராடார் டிடெக்டர் வாங்கி மாட்டிவிடு" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். சொல்பவர் எந்த மாநிலத்தில் ஓட்டுகிறார், கேட்பவர் எங்கே ஓட்டுகிறார் என்ற பேச்சே அங்கு வராது. போலீஸின் ராடார் அலையை உணர்ந்து முன்கூட்டியே கத்தி எச்சரிக்கும் கருவி அது. ஆனால் விர்ஜினியாவிலும் ஒன்டாரியோவிலும் அந்தக் கருவியே தனி டிக்கெட் வாங்கித் தரும். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடும், எந்த ஊரில் பறித்துக்கொள்வார்கள் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டங்கள் மாறும். நீண்ட பயணம் கிளம்புமுன் அந்தந்த மாநில அரசின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், டிடெக்டர் உதவுமா உதவாதா?

சில சாலைகளில் உதவும். போலீஸ்காரர் ராடாரை அணைக்காமல் ஓடவிட்டிருந்து, சாலையும் வண்டிகள் குறைந்த திறந்தவெளி நெடுஞ்சாலையாக இருந்தால், நல்ல டிடெக்டர் வேகத்தைக் குறைக்கப் போதுமான நேரம் தரும். லேசர், ஸ்டாப்வாட்ச், விமானம், பின்னாலேயே ஓட்டி வந்து வேகம் பார்ப்பது ஆகிய எதற்கும் அது உதவாது. தினமும் ஊருக்குள் ஆபீஸ் போய் வருபவருக்குப் பெரும்பாலும் வெறும் சத்தம்தான் மிஞ்சும். போலீஸ் ரேடியோ பேச்சைக் கேட்க உதவும் ஸ்கேனரால் கிடைக்கும் பயன் அதைவிடக் குறைவு.

போலீஸ் ராடார் வேகத்தை எப்படி அளக்கிறது? டிடெக்டருக்கு அது எப்படி முன்பே தெரிகிறது?

ராடார் துப்பாக்கி நுண்ணலையை அனுப்புகிறது. அது உங்கள் கார் மேல் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். டாப்ளர் விளைவு என்று பள்ளியில் படித்தது இதுதான். 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ராடாருக்கு, காரின் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் சுமார் 72 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வரும். 65 மைல் வேகத்தில் வரும் கார் என்றால் கிட்டத்தட்ட 4,680 ஹெர்ட்ஸ். இது மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வருவதால், ராடார் கருவி அதை அப்படியே ஒலியாகவும் தரும். போலீஸ் காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் வேகம் எண்ணாக மட்டும் தெரிவதில்லை, ஒரு கூர்மையான விசில் போலக் கேட்கவும் செய்கிறது. நீங்கள் பிரேக் மிதித்தால் விசிலின் சுருதி இறங்கும். முறையாகப் பயிற்சி பெற்றவர் முதலில் கண்ணால் வேகத்தை மதிப்பிடுவார், பிறகு ஒலி தெளிவாக இருக்கிறதா என்று கேட்பார், அதன் பிறகே எண்ணைப் பூட்டுவார். ஒலி கரகரத்தால் இரண்டு மூன்று வண்டிகள் கலந்திருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

டிடெக்டர் வெறும் ரேடியோ வாங்கிதான், எதையும் அனுப்பாது. அதன் பலம் இதுதான்: போலீஸ்காரருக்கு அலை போய்த் திரும்பி வர வேண்டும், உங்களுக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தால் போதும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வருபவர் நம்மைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அவர் டார்ச் நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, அப்படி. சமவெளி நெடுஞ்சாலையில் ஒரு மைலுக்கும் முன்பே டிடெக்டர் கத்துவது இதனால்தான். வளைவு, மேடு, மரக்கூட்டம் என்று நடுவே ஏதாவது வந்தால் இந்த முன்னறிவிப்பு மளமளவென்று சுருங்கும்.

என் டிடெக்டர் ஒவ்வொரு கடை வாசலிலும் கத்துகிறது. பழுதா?

பழுதில்லை. போலீஸ் ராடார்கள் மூன்று அலைவரிசைகளில் இயங்குகின்றன. எக்ஸ் (10.525 கிகாஹெர்ட்ஸ்) பழையது, இப்போது அரிது. கே என்பது 24.15 கிகாஹெர்ட்ஸ் பக்கம். கேஏ 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை, பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று இடங்களில் வரும். பெரிய கடைகளின் தானியங்கிக் கதவுகளும் எக்ஸிலோ கேயிலோதான் வேலை செய்கின்றன. பக்கத்துத் தடத்தில் வரும் காரின் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கைக் கருவியும் பல மாடல்களில் இதே கே அலைவரிசைதான். உங்கள் டிடெக்டருக்குக் கதவும் ஒன்று, போலீஸும் ஒன்று.

புது மாடல்களில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சிக்னலைக் கற்றுக்கொண்டு வாயடைத்துவிடும். மலிவான கருவிகளில் இது இருக்காது. நாள் முழுக்கப் பொய்யாகக் கத்தும் கருவியின் பேச்சை மனம் கேட்பதை நிறுத்திவிடும், உண்மையான எச்சரிக்கை வரும்போதும் கை வால்யூமைக் குறைக்கத்தான் போகும். என் கணக்கில் மலிவு டிடெக்டர்களின் பெரிய குறை இதுதான். கேஏ எச்சரிக்கை வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம், அந்த அலைவரிசையில் வேறு கருவிகள் குறைவு.

டிடெக்டர் ஆன் செய்துதான் இருந்தது, கத்தவும் செய்தது. ஆனாலும் மாட்டிக்கொண்டேன். எப்படி?

போலீஸ்காரர் ராடாரைக் காத்திருப்பு நிலையில் வைத்திருப்பார். அப்போது அது எதையும் அனுப்பாது. உங்கள் கார் நெருங்கியதும் பட்டனை அழுத்துவார், ஓரிரு நொடியில் வேகம் வந்துவிடும். உங்கள் டிடெக்டர் கத்தும் அதே நேரத்தில் உங்கள் வேகம் அவர் திரையில் இருக்கும். கத்தியது எச்சரிக்கை அல்ல, தகவல்.

உங்களுக்கு முன்னால் சில வண்டிகள் போய்க்கொண்டிருந்து, அவர் அவற்றைக் குறிவைத்து அழுத்தினால், அந்தச் சிறு கீற்று உங்களுக்கும் எட்டும். ஆளரவமற்ற சாலையில் முதல் வண்டியாகப் போவது நீங்களே என்றால் வழியில்லை. டிடெக்டர் விற்பவர்கள் இந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

லேசர் துப்பாக்கியையும் கண்டுபிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே?

கண்டுபிடிக்கும். பெரும்பாலும் காலம் கடந்து.

ராடார் கற்றை பரந்தது. 12 டிகிரி கற்றை 300 மீட்டர் தூரத்தில் 60 மீட்டருக்கு மேல் விரிந்து சாலையையே நனைக்கும். அதன் ஒரு பகுதி உங்களை எட்டிவிடும். லேசர் அப்படியல்ல. 905 நானோமீட்டர் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகள், அதே 300 மீட்டரில் சுமார் ஒரு மீட்டர் அகலம். போலீஸ்காரர் உங்கள் நம்பர் பிளேட்டையோ ஹெட்லைட்டையோ குறிபார்த்து அழுத்துகிறார். ஒளி போய்த் திரும்பும் நேரத்தைத் துடிப்புக்குத் துடிப்பு கணக்கிட்டு, அரை நொடிக்குள் வேகம் வந்துவிடும். டிடெக்டரோ மேலே கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறது. கற்றை அங்கே சிதறி வந்தால்தான் அதற்குத் தெரியும். நான்கு தடச் சாலையில் நடுவே போகும் ஒரு காரை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க லேசரால் முடியும் என்பதால், நெரிசலான நகர்ப்புற நெடுஞ்சாலைகளில் போலீஸார் அதைத்தான் விரும்புகிறார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவதும் அங்கேதான்.

பென்சில்வேனியாவில் ராடாரே கிடையாது என்கிறார்களே?

மாநிலப் போலீஸுக்கு ராடார் உண்டு. ஆனால் உள்ளூர்க் காவல்துறைகளுக்கு ராடார் அனுமதி தராத மாநிலம் என்று பென்சில்வேனியா நெடுங்காலமாகப் பெயர் எடுத்தது. அதற்காக உள்ளூர் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்க் வேங்கடேஸ்வரா கோவிலுக்குக் காரில் போகும் குடும்பங்கள் ஏராளம். டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையை விட்டிறங்கி ஊர்ச் சாலைக்குள் நுழைந்தால், தார் ரோட்டில் குறுக்கே பட்டையாக இரண்டு வெள்ளைக் கோடுகளைச் சில இடங்களில் காணலாம். பாதசாரிக் கோடும் அல்ல, நிறுத்தக் கோடும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் முன்பே அளந்து வைக்கப்பட்டது. ஓரத்தில் நிற்கும் போலீஸ்காரர் முதல் கோட்டை உங்கள் டயர் தொட்டதும் ஒரு பட்டன், இரண்டாவதைத் தொட்டதும் ஒரு பட்டன் அழுத்துவார். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். வாஸ்கார் என்ற பெயரில் 1960களிலிருந்தே இருக்கும் முறை. சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சி, அதைக் கார் வெட்டும் நேரத்தை எடுக்கும் கருவியும் அங்கே உண்டு. எதிலும் ராடார் அலை கிடையாது. ஆயிரம் டாலர் டிடெக்டரும் அங்கே ஊமைதான்.

விமானத்திலிருந்து பிடிப்பதும் இதே கணக்குதான். கோடுகள் பெரிதாக இருக்கும், ஸ்டாப்வாட்ச் மேலே இருக்கும்.

சரி, ஸ்கேனர்? போலீஸ் ரேடியோவைக் கேட்டுக்கொண்டே போனால் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடாதா?

தெரியாது என்பதுதான் நடைமுறை. வேகம் பிடிக்க நிற்பவர் "இன்ன மைல் கல்லில் நிற்கிறேன்" என்று ரேடியோவில் அறிவித்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு வண்டியை நிறுத்திய பிறகு நம்பர் பிளேட்டைச் சரிபார்க்கப் பேசுவார். அது உங்களுக்குக் கேட்கும்போது அந்த இடத்தை நீங்கள் தாண்டியிருப்பீர்கள், அல்லது அது நூறு மைல் தள்ளி இருக்கும். விமானத்தில் இருப்பவர் கீழே நிற்பவரிடம் "நீல நிற வேன், இடது தடம்" என்று சொல்லும் உரையாடல் ஒன்றுதான் ஸ்கேனருக்குக் கிடைத்த உருப்படியான வேட்டை.

அதற்கும் இப்போது பூட்டு விழுந்துவிட்டது. பல பெருநகரக் காவல்துறைகள் ரேடியோவைக் குறியாக்கம் செய்துவிட்டன. டென்வர் 2019இல் செய்தது, நியூயார்க் நகரக் காவல்துறை 2023இல் தொடங்கியது, டொராண்டோ போலீஸ் பேசுவதும் வெளியாருக்குக் கேட்காது. குறியாக்கம் செய்த பேச்சை எந்தக் கடை ஸ்கேனராலும் அவிழ்க்க முடியாது. போனில் கேட்கும் ஸ்கேனர் ஆப்கள் இணையம் வழியாகத் தாமதமாக வருபவை, ஓடும் காருக்கு அந்தத் தாமதமே போதும்.

சட்டச் சிக்கலும் உண்டு. நியூயார்க், ஃப்ளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் போலீஸ் அலைவரிசையைக் கேட்கும் கருவியைக் காரில் வைத்திருப்பதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் விலக்குண்டு. பத்து டிக்கெட்டில் ஒன்றைக்கூடத் தடுக்காத ஒரு பொருளுக்காக இந்த வம்பு தேவையில்லை என்பது என் கருத்து.

இந்தக் கருவி அமெரிக்காவில் எப்படி இவ்வளவு பரவியது?

1973 எண்ணெய் நெருக்கடியின் தொடர்ச்சியாக, 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுவதும் 55 மைல் வேக வரம்பைக் கொண்டுவந்தது. 70, 75 என்று ஓடிப் பழகிய ட்ரக் ஓட்டுநர்களுக்கு அது பிழைப்பில் விழுந்த அடி. வண்டிக்கு வண்டி பேச உதவும் சிபி ரேடியோவின் 19ஆவது சானலில் ஒருவருக்கொருவர் போலீஸ் நிற்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டார்கள். ஒஹையோவில் டேல் ஸ்மித் என்பவர் உருவாக்கிய ஃபஸ்பஸ்டர் என்ற டிடெக்டர் அந்தக் காலத்தில்தான் பிரபலமானது. 1978இல் சின்சினாட்டி மைக்ரோவேவ் நிறுவனம் எஸ்கார்ட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான மைக் வாலன்டைன் பிரிந்துபோய், 1992இல் சிக்னல் வரும் திசையை அம்புக்குறியால் காட்டும் கருவியை வெளியிட்டார். 55 மைல் சட்டம் 1995இல் போய்விட்டது, டிடெக்டர் சந்தை போகவில்லை.

அமெரிக்காவில் எங்கெல்லாம் தடை?

சாதாரண காரில் டிடெக்டருக்குத் தடை உள்ள இடங்கள் விர்ஜினியா மாநிலமும் தலைநகர் வாஷிங்டன் டிசியும். ராணுவத் தளங்களுக்குள்ளும் கூடாது. கலிஃபோர்னியா, மின்னசோட்டா போன்ற இடங்களில் டிடெக்டர் குற்றமில்லை, ஆனால் முன்கண்ணாடியில் பார்வையை மறைக்கும்படி எதையும் ஒட்டக்கூடாது என்ற விதியில் சிக்கலாம். டாஷ்போர்டில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கனரக வணிக வாகனங்களுக்கு நாடு முழுக்கத் தடை. 1993 இறுதியில் வந்த கூட்டாட்சி விதி அது. ட்ரக் ஓட்டும் நண்பர்களுக்கு மாநிலப் பேச்சே இல்லை.

ஆஷ்பர்ன், ஹெர்ன்டன் பக்கம் இருக்கிறோம். விர்ஜினியாவில் பிடித்தால் என்ன ஆகும்?

டிடெக்டருக்கான தண்டனை அபராதம் மட்டும்தான், லைசென்ஸில் தண்டனைப் பாயிண்ட் ஏறாது. மின் இணைப்பு இல்லாமல், ஓட்டுநருக்கோ பயணிகளுக்கோ எட்டாத இடத்தில் இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. மெரிலாண்டிலிருந்து வட கரோலினாவுக்குப் போகிறவர்கள் எல்லையைத் தாண்டுமுன் கழற்றி டிக்கியில் வைப்பது இதற்காகத்தான்.

ஆனால் விர்ஜினியாவில் நீங்கள் பயப்பட வேண்டியது டிடெக்டர் அபராதத்துக்கு அல்ல. வரம்பைவிட 20 மைல் கூடுதலாகவோ, எந்தச் சாலையானாலும் 85 மைலுக்கு மேலோ ஓட்டினால் அது 'ரெக்லஸ் டிரைவிங்'. சாதாரண டிக்கெட் அல்ல, கிரிமினல் குற்றம். 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. 2020 ஜூலை வரை இந்த எல்லை 80 மைலாக இருந்தது. இன்றும் 70 மைல் வரம்புள்ள சாலையில் 86 போனால் அந்த வலைக்குள் விழுவீர்கள். பக்கத்து மாநிலத்தில் சாதாரண டிக்கெட்டோடு முடிந்திருக்கும் வேகம் அது.

எச்-1பி, கிரீன் கார்டு காத்திருப்பு என்று இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். விசா படிவத்தில் கைது, குற்றத் தீர்ப்பு பற்றிய கேள்வி இருக்கிறது. ரெக்லஸ் டிரைவிங் சம்மன் கையில் வந்தால், ஆன்லைனில் பணம் கட்டி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். போக்குவரத்து வழக்கறிஞரிடமும், தேவைப்பட்டால் குடியேற்ற வழக்கறிஞரிடமும் முதலில் பேசுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

என் மச்சான் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்குக் கல்யாணத்துக்குக் காரில் வருகிறார். அவர் காரில் டிடெக்டர் இருக்கிறது. அணைத்து கிளவ் பாக்ஸில் வைத்தால் போதுமா?

போதாது. அவரிடம் இன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் விர்ஜினியாவைவிடக் கடுமையானது. கருவி பொருத்தியிருந்தாலும் குற்றம், காரில் எங்காவது இருந்தாலும் குற்றம். ஆன், ஆஃப் என்ற பேச்சே இல்லை. டிக்கியில் பெட்டிக்குள் கிடந்தாலும் போலீஸார் வாரண்ட் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பு வந்தால் கருவி அரசுக்குப் போய்விடும். அபராதம் 100 முதல் 1,000 டாலர் வரை, கூடவே 3 டிமெரிட் பாயிண்ட். "நான் அமெரிக்கக்காரன், அங்கே இது சட்டப்படி சரி" என்ற வாதம் எடுபடாது. நியூ ஜெர்சி வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கனடாவில் டிடெக்டருக்கு அனுமதி உள்ள மாகாணங்கள் மூன்றே மூன்று: பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்சவன். கியூபெக் உட்பட மற்ற மாகாணங்களில் தடை.

அவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் பலகையில் 100 என்று இருக்கும். அது கிலோமீட்டர், சுமார் 62 மைல். ஸ்பீடோமீட்டரின் பெரிய எண்களைப் பார்த்துக்கொண்டு 90 மைலில் பறந்தால் 145 கிலோமீட்டர் ஆகிறது. 150ஐத் தொட்டால் 'ஸ்டன்ட் டிரைவிங்'. சாலையோரத்திலேயே லைசென்ஸ் 30 நாள் முடக்கம், கார் 14 நாள் பறிமுதல், தீர்ப்பு வந்தால் குறைந்தது 2,000 டாலர் அபராதம். வேக வரம்பு 80க்குக் கீழே உள்ள சாலையில் 40 கிலோமீட்டர் கூடினாலே இது பொருந்தும். கார் இரவல் வாங்கியதா, சொந்தமா என்று பார்க்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர் டாக்ஸியில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும்.

மறைத்து வைத்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

டிடெக்டர் எதையும் அனுப்பாது என்று மேலே சொன்னேன். வேண்டுமென்று அனுப்புவதில்லை, ஆனால் கசியும். உள்வரும் சிக்னலோடு கலக்க அதற்குள் தானே அலையை உண்டாக்கும் ஓர் அலையியற்றி (ஆஸிலேட்டர்) ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் மெல்லிய கசிவு வெளியே வரும். அதைப் பிடிக்கும் கருவிகள் போலீஸிடம் இருக்கின்றன. விஜி-2 என்பது பழையது, ஸ்பெக்டர் என்பது அதற்குப் பின் வந்தது. கசிவைக் குறைத்துச் செய்த விலையுயர்ந்த டிடெக்டர்கள் உண்டு. அணைத்து வைத்தால் கசிவே இருக்காதுதான். ஆனால் வேறு காரணத்துக்காக நிறுத்திய போலீஸ்காரர், கண்ணாடியில் உறிஞ்சு வளையம் விட்ட வட்டத் தடத்தையும் சிகரெட் லைட்டரில் தொங்கும் சுருள் ஒயரையும் பார்த்தால் அடுத்த கேள்வி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஜாமர் போட்டு அலையையே குழப்பிவிட்டால்?

ராடார் ஜாமர் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எல்லா மாநிலங்களிலும் குற்றம். போலீஸ் ரேடியோ அலையில் வேண்டுமென்றே குறுக்கிடுவதாக அது கருதப்படும். லேசர் ஜாமர் ரேடியோ அலை அல்ல என்பதால் கூட்டாட்சி ரேடியோ சட்டத்துக்குள் வராது, ஆனால் கலிஃபோர்னியா, டெக்சாஸ், விர்ஜினியா உட்படப் பல மாநிலங்கள் தனியே தடுத்திருக்கின்றன. தொடாதீர்கள்.

கண்ணாடியில் சிடி தொங்கவிட்டால் ராடார் சிதறும் என்று ஒருவர் சொன்னாரே?

சிதறாது. உங்கள் கார் முழுக்க உலோகம், அலை அதில் பட்டுத் திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.

டிடெக்டருக்குப் பதில் வேஸ் ஆப் போதாதா?

வேஸ் என்பது வழிகாட்டும் போன் ஆப். பெரும்பாலானவர்களுக்கு அதுவே மேல் என்று சொல்வேன். முன்னால் போன ஓட்டுநர்கள் பார்த்துச் சொல்வதால், போலீஸ் கையில் இருப்பது ராடாரா, லேசரா, ஸ்டாப்வாட்சா என்ற வேறுபாடு அதற்கில்லை. அலையைக் கேட்கும் கருவி அல்ல என்பதால் டிடெக்டர் தடை உள்ள ஒன்டாரியோவிலும் விர்ஜினியாவிலும் பயன்படுத்தலாம். ஐரோப்பா போகிறவர்கள் மட்டும் கவனமாக இருங்கள், ஜெர்மனியில் ஓட்டுநர் இத்தகைய எச்சரிக்கை ஆப்பை இயக்குவதே குற்றம், பிரான்ஸில் டிடெக்டருக்குத் தடை.

குறை என்னவென்றால், யாரும் பார்த்துச் சொல்லாத சாலையில் அதற்கு எதுவும் தெரியாது. நள்ளிரவு வயோமிங்கில் டிடெக்டர் ஜெயிக்கும், மாலை ஐந்து மணிக்கு டொராண்டோவின் 401 நெடுஞ்சாலையில் வேஸ் ஜெயிக்கும். போனைக் கையில் எடுத்து ஓட்டாதீர்கள். ஒன்டாரியோவில் அதற்கு முதல் முறையே 1,000 டாலர் வரை அபராதமும் மூன்று நாள் லைசென்ஸ் முடக்கமும் உண்டு. தாங்கியில் வைத்து, கிளம்புமுன் இயக்கிவிடுங்கள்.

ஸ்பீட் கேமராக்களைக் காட்டிக்கொடுக்குமா?

சில வகை கேமராக்கள் மெல்லிய ராடார் அலை விடும், சில சாலைக்கடியில் புதைத்த கம்பிச் சுருளில் இயங்கும். பின்னதை டிடெக்டரால் உணர முடியாது, ஜிபிஎஸ் பட்டியல் உள்ள கருவிதான் இடத்தைப் பார்த்துச் சொல்லும். ஒன்டாரியோ அரசு 2025 நவம்பரில் ஸ்பீட் கேமராக்களை நிறுத்திவிட்டது. அதை வேகமாகப் போக அனுமதி என்று எடுத்துக்கொண்டவர்களைப் பள்ளிக்கூடப் பகுதிகளில் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

டிடெக்டர் போட்டுப் பத்து மைல் கூடுதலாக ஓட்டினால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

100 மைல் தூரத்தை 65இல் ஓட்டினால் 92 நிமிடம், 75இல் ஓட்டினால் 80 நிமிடம். பன்னிரண்டு நிமிடம் மிச்சம். எடிசனிலிருந்து டொராண்டோ வரை சுமார் 500 மைல் என்று வைத்தால், காகிதத்தில் ஒரு மணி நேரம் லாபம். எல்லைப் பாலத்தில் நிற்கும் வரிசையும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பாத்ரூம் என்று நிறுத்துவதும் அதில் பாதியைத் தின்றுவிடும்.

மறுபக்கம்: மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாகக் கூடும். 65க்குப் பதில் 80 என்றால் ஆற்றல் ஒன்றரை மடங்கு. 2022இல் அமெரிக்காவில் வேகம் காரணமாக அமைந்த விபத்துகளில் 12,151 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. அந்த ஆண்டின் சாலைச் சாவுகளில் நூற்றுக்கு 29. டிடெக்டர் பார்ப்பது போலீஸை மட்டும்தான், முன்னால் கவிழ்ந்து கிடக்கும் டிரெய்லரை அல்ல. டிடெக்டர் வைத்திருப்பவர்களைக் குற்றவாளியாக நான் பார்க்கவில்லை, வேக வரம்பு திடீரென 55இலிருந்து 35க்கு இறங்கும் சிற்றூர்களில் கவனமாகவே இருந்தும் மாட்டியவர்கள் உண்டு. ஆனால் அது இருக்கும் தைரியத்தில் குடும்பத்தோடு 85இல் போவதை ஏற்க முடியாது.

டிக்கெட் வந்தேவிட்டது. ராடார் தவறு என்று வாதாடலாமா?

வாதாடலாம், ஆதாரம் இருந்தால். 1979இல் ஃப்ளோரிடாவின் மயாமியில் நடந்த வழக்கில், போலீஸ் ராடார் ஒரு வீடு 28 மைல் வேகத்திலும் ஒரு பனைமரம் 86 மைல் வேகத்திலும் போவதாகக் காட்டியது வெளிச்சத்துக்கு வந்து, நீதிபதி ராடார் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். அதைச் சொல்லி இன்று ஜெயிக்க முடியாது. அதன் பிறகு கருவிகளும் பயிற்சியும் வெகுவாக மாறிவிட்டன.

இன்று கேட்கத் தகுந்த கேள்விகள் சாதாரணமானவை. பணி தொடங்கும் முன்னும் பின்னும் கருவி சோதிக்கப்பட்டதா? ராடாரை இசைக்கவை கொண்டு சோதிப்பது வழக்கம், அதற்குப் பதிவு இருக்க வேண்டும். கூட்டமாகப் போன வண்டிகளில் உங்களுடையதை எப்படி அடையாளம் கண்டார்? போலீஸ் கார் நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? பக்கவாட்டுக் கோணத்திலிருந்து அளந்தால் ராடார் உங்கள் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும், அது உங்களுக்குச் சாதகம். ஆனால் ஓடும் காரிலிருந்து அளக்கும்போது கருவி முதலில் தன் சொந்த வேகத்தைக் குறைத்து எடுத்துக்கொண்டால், அந்த வித்தியாசம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். "எல்லோரும் அதே வேகத்தில்தான் போனார்கள்" என்ற வாதம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும், அதைச் சொல்லாதீர்கள்.

ஒன்டாரியோ டிக்கெட் என்றால் பதில் சொல்ல 15 நாள் அவகாசம். விசாரணை கேட்டுவிட்டு, போலீஸ்காரரின் குறிப்பையும் கருவிச் சோதனைப் பதிவையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். வெளியூர் டிக்கெட்தானே என்று கிழித்துப் போட வேண்டாம். நியூயார்க்கிலும் மிச்சிகனிலும் வாங்கும் டிக்கெட்டின் பாயிண்ட் ஒன்டாரியோ லைசென்ஸுக்கு வந்து சேரும், அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை தங்களுக்குள் இந்தத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. கட்டாத டிக்கெட்டுக்காக லைசென்ஸ் முடக்கப்பட்டு, அது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருந்தால், அடுத்த முறை நிறுத்தும்போது வழக்கே வேறு.